யாருக்கு எது தெரியும்? சஸ்பென்ஸ் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்க ஒரு வழி

படத்தை அலசுகிறேன் பேர்வழி என்று நான் முதன்முதலாக உட்கார்ந்தபோது நிரப்பிய நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினாறு பக்கம். 'அவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். அவள் உள்ளே வருகிறாள். இருவருக்கும் வாக்குவாதம்' என்று கடைசி வரை வெறும் கதை. படம் பார்த்த எவரும் அதைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு நோட்டுப் புத்தகம் எதற்கு? அடுத்த முறை உஷாராகிக் குறியீடு தேடப் புறப்பட்டேன். கூண்டுப் பறவை என்றால் சிறை, மழை என்றால் துக்கம், படிக்கட்டு என்றால் வீழ்ச்சி. கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் அர்த்தம் கற்பித்ததில் படமே காணாமல் போய்விட்டது.

மூன்றாவது முறைதான் பக்கத்தைக் கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரித்தேன். ஒவ்வொரு காட்சியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்த நிமிடத்தில் யாருக்கு எது தெரியும்? சஸ்பென்ஸ் படத்துக்கு இதைவிட நல்ல சாவி எனக்குக் கிடைத்ததில்லை. அந்தச் சாவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் புதிதாகத் தொடங்குபவருக்குப் படிப்படியாகச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரியர் விண்டோ' (1954) படத்தை எடுத்துக்கொள்வோம். 112 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் ஒரே அறையிலும், அந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே உள்ள முற்றத்திலும் நடக்கிறது. பத்திரிகைப் புகைப்படக்காரனான ஜெஃப் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) கால் முறிந்து சக்கர நாற்காலியில் கிடக்கிறான். பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறான். அவற்றில் ஒன்றில் குடியிருக்கும் விற்பனைப் பிரதிநிதி தோர்வால்ட் (ரேமண்ட் பர்) தன் மனைவியைக் கொன்றிருப்பான் என்ற சந்தேகம் அவனுக்கு வருகிறது. காதலி லிசாவும் (கிரேஸ் கெல்லி) தினமும் வந்துபோகும் நர்ஸ் ஸ்டெல்லாவும் (தெல்மா ரிட்டர்) மெல்ல மெல்ல அவன் பக்கம் சாய்கிறார்கள். இடம் மாறாத படம் என்பதால் புதியவருக்குத் தலை சுற்றாது. இனிமேல் வரும் வரிகளில் படத்தின் முடிவு உட்பட எல்லாம் வெளிப்பட்டுவிடும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் தடவை பேனா வேண்டாம்

ஒரே அமர்வில், நடுவில் நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல் பாருங்கள். சஸ்பென்ஸ் என்பது நேரத்தை வைத்து ஆடும் ஆட்டம். இடையில் நிறுத்தி எழுதினால் இயக்குநர் இழுத்துக் கட்டிய கயிற்றை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள்.

படம் முடிந்த கையோடு, வேறு யாருடைய விமர்சனத்தையும் படிப்பதற்கு முன்னால், ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதுங்கள். உடம்பு எங்கே பதறியது? மூச்சை எங்கே பிடித்தீர்கள்? எங்கே சலித்தது? காரணம் வேண்டாம், இடம் போதும். 'லிசா அந்த வீட்டுக்குள் இருந்தபோது', 'கதவுக்கு வெளியே காலடிச் சத்தம்' என்ற அளவில் எழுதினால் சரி. பிறகு படத்தைப் பிரிக்கும்போது எங்கே தோண்ட வேண்டும் என்பதற்கு இந்தத் தாள்தான் முகவரி. முதல் பார்வையின் பதற்றம் ஒரு தடவைதான் வாய்க்கும். இரண்டாம் தடவை அதை வரவழைக்க முடியாது என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெட்டுவது

இரண்டாம் தடவை பார்க்கும்போது காட்சிகளாகப் பிரியுங்கள். பொதுவாக இடமோ நேரமோ மாறினால் புதிய காட்சி. இந்தப் படத்தில் இடம் மாறுவதே இல்லை, நேரம்தான் மாறுகிறது. பல இடங்களில் திரை இருண்டு மீண்டும் ஒளிரும். அந்த இருட்டுகளே உங்களுக்கு வேலி. ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரியில் பெயர் வையுங்கள். அந்த வரியில் என்ன மாறியது என்பது இருக்க வேண்டும். 'லிசா வருகிறாள்' என்பது பெயர் ஆகாது. 'லிசா கொண்டுவந்த விருந்து ஜெஃபின் மனத்தை மாற்றவில்லை, அவள் கோபித்துக்கொண்டு போகிறாள்' என்றால் ஆகும். எதுவும் மாறாத காட்சி என்று தோன்றினால் அநேகமாக நீங்கள் எதையோ கவனிக்கத் தவறியிருப்பீர்கள். இது அலுப்பான வேலைதான், இரண்டு மாலைப்பொழுது பிடிக்கும். சுருக்குவழி எதுவும் நான் கண்டதில்லை.

தெரிந்தவர் கணக்கு

இப்போது மூன்று கட்டம் போடுங்கள். நாம், கதாநாயகன், எதிராளி. படத்துக்குத் தகுந்தபடி நான்காவது கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் யாருக்கு எது தெரிந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டே போங்கள்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை ஹிட்ச்காக்கே விளக்கியிருக்கிறார். 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரிடம் எடுத்த நீண்ட பேட்டி 1966-ல் புத்தகமாக வந்தது. அதில் வரும் மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணம் எங்கும் மேற்கோள் காட்டப்பட்டுத் தேய்ந்துபோன ஒன்று. ஆனாலும் தொடங்குபவருக்கு அதைவிட்டால் வேறு நல்ல உதாரணம் இல்லை. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டு மேஜைக்கடியில் இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடப் பதற்றமாகிவிடும். பேச்சு மாறவில்லை, குண்டும் மாறவில்லை. யாருக்குத் தெரியும் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

நம் படத்தில் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். இருட்டில் ஒரு பெண்ணின் அலறல், கண்ணாடி உடையும் சத்தம். பிறகு மழை. தோர்வால்ட் கையில் பெட்டியுடன் வெளியே போகிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். ஜெஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். இதுவரை கணக்கில் சிக்கல் இல்லை. ஜெஃபுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், ஒரு துளி கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவன் கண்தான் நம் கண்.

பிறகு அவன் தூங்கிவிடுகிறான். அப்போது தோர்வால்ட் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்ணுடன் வீட்டைவிட்டு வெளியே போகிறான். பெண்ணின் முகம் தெரிவதில்லை. கேமரா மெல்ல நகர்ந்து ஜெஃபின் மேல் வந்து நிற்கிறது. அவன் தூக்கம் கலையவில்லை.

சில விநாடிதான். நான் முதல் தடவை பார்த்தபோது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதை எழுதிய அந்தப் பதினாறு பக்கத்திலும் இதற்கு ஒரு வரி கிடையாது. கட்டம் போட்டு எழுதிய பிறகுதான் பிடிபட்டது. 'நாம்' என்ற கட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள், 'ஜெஃப்' கட்டம் காலியாக இருக்கிறது. படம் தானே வகுத்துக்கொண்ட விதியை இங்கே மீறுகிறது. கதாநாயகனுக்குத் தெரியாத ஒன்றை நம் காதில் மட்டும் போடுகிறது.

இதன் விளைவு பின்னால் வருகிறது. துப்பறியும் அதிகாரியான நண்பன் டாயில் விசாரித்துவிட்டு வந்து, தோர்வால்ட் மனைவியுடன் காலையில் கிளம்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்கிறான். ஜெஃப் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறான். நம்மால் அப்படி அடித்துப் பேச முடியாது. நாமும் அந்தப் பெண்ணைப் பார்த்தவர்களாயிற்றே! கொலைகாரன் சிக்குவானா என்ற கேள்வியோடு, நம் ஆள் சொல்வது வெறும் கற்பனையோ என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. படத்தின் நடுப்பகுதி முழுவதையும் அந்தச் சில விநாடி ஷாட் (வெட்டு இல்லாமல் ஓடும் ஒரு துண்டு) தாங்கிப் பிடிக்கிறது. உங்கள் கணக்கில் இப்படி ஒரு கட்டம் நிரம்பி மற்றொன்று காலியாகக் கிடக்கும் இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். முதல் நாள் தாளில் எழுதிய பதற்றங்களில் பெரும்பாலானவை அந்த வட்டங்களுக்குள்ளேயே வந்து உட்காரும்.

இன்னொன்று. தோர்வால்டை ஃபோனில் ஏமாற்றி வெளியே வரவழைத்த பிறகு, லிசா ஏணி வழியாக ஏறி அவன் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறாள். அவன் திரும்பி வருவது தெரிந்தால் ஜெஃப் அந்த வீட்டு ஃபோனை அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே நேரத்தில் கீழ்வீட்டில் தனிமையில் வாடும் ஒரு பெண் மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டெல்லாவும் ஜெஃபும் அவளைக் கவனிக்கிறார்கள். ஜெஃப் போலீசுக்கு ஃபோன் போடுவதும் அவளுக்காகத்தான். கவனம் அங்கே போன நேரத்தில் தோர்வால்ட் வந்துவிடுகிறான்.

கணக்கை எழுதிப் பாருங்கள். ஜெஃபுக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். தெரிந்தே ஆக வேண்டிய லிசாவுக்கு மட்டும் தெரியாது. சொல்வதற்கு வழியும் இல்லை. நடுவே முற்றம், காலில் மாவுக்கட்டு. எந்த மேஜைக்கடியில் குண்டு இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வேறொரு பெண்ணுக்காக எடுத்த அந்த ஃபோன் கடைசியில் லிசாவுக்குப் பயன்படுகிறது என்பதையும் கவனியுங்கள். திரைக்கதை எழுதப் பழகுபவர்கள் இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசிக்கலாம்.

போலீஸ் வருகிறது. லிசா கையைப் பின்னால் கட்டியபடி, விரலில் மாட்டியிருக்கும் தோர்வால்ட் மனைவியின் திருமண மோதிரத்தை ஜெஃபுக்குச் சுட்டிக்காட்டுகிறாள். தோர்வால்டின் கண்ணில் அது படுகிறது. அவள் யாருக்குக் காட்டுகிறாள் என்று தலையைத் தூக்குகிறான். நேராக லென்ஸைப் பார்க்கிறான். அதாவது ஜெஃபை. அதாவது நம்மை. இத்தனை நேரமும் காலியாகக் கிடந்த எதிராளியின் கட்டம் ஒரே பார்வையில் நிரம்பிவிடுகிறது. இதற்குமேல் கணக்கில் ஏற்றத்தாழ்வே கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனவே படத்துக்கு மிச்சமிருப்பது ஒன்றுதான். அவன் இங்கே வர வேண்டும்.

ஷாட் ஷாட்டாக, ஆனால் ஒரு காட்சியை மட்டும்

முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாகப் பிரிக்க ஆசைப்பட்டால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடும் ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை, ஒலியோடு ஒரு தடவை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று விஷயம் போதும்: திரையின் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) என்ன இருக்கிறது, கேமரா நகர்கிறதா, அடுத்த ஷாட்டுக்கு ஏன் போகிறது.

தொடக்கக் காட்சியையே எடுப்போம். கேமரா முற்றத்தைச் சுற்றி வந்து, வியர்த்தபடி தூங்கும் ஜெஃபைக் காட்டுகிறது. வெப்பமானி தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கிறது. மறுபடி ஒரு சுற்று. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கண் விழிக்கிறார்கள். பிறகு கேமரா அறைக்குள் திரும்பி, காலில் போட்ட மாவுக்கட்டைக் காட்டுகிறது. அதில் அவன் பெயர் எழுதியிருக்கிறது. அடுத்து நொறுங்கிப்போன ஒரு கேமரா. அடுத்து சுவரில் ஒரு புகைப்படம்: பந்தயக் காரின் சக்கரம் கழன்று புகைப்படக்காரனை நோக்கியே பறந்து வருகிறது. இன்னும் சில படங்கள். பிறகு சட்டம் போட்ட ஒரு பெண்ணின் நெகட்டிவ். அதையொட்டி ஓர் அடுக்குப் பத்திரிகைகள், மேலட்டையில் அதே பெண். ஒரு வார்த்தை வசனம் இல்லை. அவன் யார், என்ன தொழில், எப்படி அடிபட்டான், பிழைப்புக்கு என்ன எடுக்கிறான் என்பது அத்தனையும் வந்துவிட்டது.

வசனமில்லாமல் சொல்லிவிட்டார் என்று வியப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வரிசையைக் கேளுங்கள். முதலில் கட்டு, பிறகு உடைந்த கேமரா, பிறகு விபத்தின் படம். விளைவு முன்னால் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது. விபத்துப் படத்தை முதலில் காட்டியிருந்தால் அது கதை சொல்வது ஆகியிருக்கும். தலைகீழாகக் காட்டியதால் தடயத்திலிருந்து நடந்ததை ஊகிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஜெஃப் செய்யப்போகும் வேலையும் அதுதானே? கத்தியையும் ரம்பத்தையும் கயிறு கட்டிய பெட்டியையும் பார்த்து நடந்ததை ஊகிக்கப் போகிறான். துப்பறிவதற்கான பாடம் நமக்கு அவனுக்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும் மாறி மாறி வரும் இடங்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஜெஃபின் முகம், அவன் பார்ப்பது, மறுபடி முகம். இந்த மூன்று ஷாட்டில் நடு ஷாட்டை மனத்துக்குள் மாற்றுங்கள். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டி, பார்ப்பவர்கள் வெவ்வேறு உணர்ச்சியை அந்த முகத்தில் ஏற்றிக்கொள்வதைக் காட்டியவர். ஹிட்ச்காக் அதையே இந்தப் படத்தோடு இணைத்துப் பேசினார். மாடியிலிருந்து கூடையில் இறக்கப்படும் நாய்க்குட்டியைப் பார்த்து ஸ்டூவர்ட் புன்னகைத்தால் நல்ல மனிதர். நடுவில் அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணை வைத்தால் அதே புன்னகை அசிங்கமாகிவிடும். இந்தச் சோதனையைச் செய்து பழகிய பிறகு 'நடிகர் கண்ணாலேயே பேசிவிட்டார்' என்ற வாக்கியத்தை எழுதக் கை கூசும்.

காதுக்கும் ஒரு நாள்

திரையைத் துணியால் மூடிவிட்டுப் பத்து நிமிடம் கேளுங்கள். பெயர் ஓடும்போது வரும் இசையைத் தாண்டினால், இந்தப் படத்தில் கேட்பவை ஏறக்குறைய எல்லாமே முற்றத்தில் இருந்து வருபவை: யாரோ வைத்த வானொலி, எதிர்வீட்டு இசையமைப்பாளர் பியானோவில் தட்டித் தடவி உருவாக்கும் மெட்டு, தெருச் சத்தம். மாத்திரையோடு உட்கார்ந்திருந்த பெண்ணைத் தடுத்து நிறுத்துவதும் அந்த மெட்டுதான். கடைசியில் தோர்வால்ட் வரும்போது இசையே கிடையாது. காலடி ஓசை, கதவுக்கடியில் தெரியும் வெளிச்சக் கோடு, பிறகு அந்தக் கோடும் அணைகிறது. பின்னணி இசை பயத்தைச் சொல்லிக் கொடுக்காத இடத்தில் நாமே பயந்துகொள்கிறோம்.

சறுக்கும் இடங்கள்

படப்பிடிப்புத் தகவல்களில் மூழ்கிவிடாதீர்கள். முற்றம் முழுவதும் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட் என்பதும், இயக்குநர் ஒரு ஷாட்டில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டு தலைகாட்டுகிறார் என்பதும் சுவையான செய்திகள். அவை அலசல் ஆகாது.

குறியீட்டையும் நான் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவுக்கட்டு எதைக் குறிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. முதலில் அந்தக் கட்டு அவனை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று எழுதுங்கள். அது எதைக் குறிக்கிறது என்பது பிறகு ஆகட்டும். லிசா அறிமுகமாகும்போது தன் பெயரை மூன்று பகுதியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கைப் போடுகிறாள். அதற்கு அர்த்தம் தேடுவதற்கு முன்னால், இருட்டில் உட்கார்ந்து பிறரைப் பார்ப்பவனின் அறைக்கு அவள் வெளிச்சம் கொண்டுவருகிறாள் என்ற கண்கூடான செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய படம், பெரிய பெயர் என்பதற்காகக் குறைகளை மூடி மறைக்கவும் வேண்டாம். ஜெஃப் ஜன்னலிலிருந்து விழும் ஷாட் இன்றைய கண்ணுக்கு ஒட்டுவேலையாகத்தான் தெரிகிறது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது, எழுதவும் செய்கிறேன்.

எழுதும்போது

'1954-ல் வெளியான இப்படம்' என்று தொடங்காதீர்கள். உங்கள் கணக்கில் நீங்கள் கண்டுபிடித்த ஒன்றை முதல் வரியில் வையுங்கள். பார்த்ததை முதலில் விவரியுங்கள், தீர்ப்பு அதன் பின்னால் வரட்டும். 'பதற்றம் மிகுந்த காட்சி' என்று எழுதுவதும், 'அவன் தாழ்வாரத்தில் வருவது நமக்குத் தெரிகிறது, அவள் இன்னும் அறைக்குள் தேடிக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதுவதும் ஒன்றல்ல. நிமிடக் குறிப்பையும் சேர்த்தால் வாசகர் திரும்பப் போய்ச் சரிபார்த்துக்கொள்வார். உங்களோடு சண்டை போடவும் அவருக்கு வழி கிடைக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு பயிற்சி. தொடக்கச் சுற்றையும் கடைசிச் சுற்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். வெப்பம் தணிந்திருக்கிறது. தோர்வால்ட் குடியிருந்த வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாயைப் பறிகொடுத்த தம்பதிக்கு வேறொரு நாய் வந்திருக்கிறது. ஜெஃப் முன்போலவே தூங்குகிறான், இப்போது இரண்டு காலிலும் கட்டு. படம் தொடங்கியபோது தூங்கினான், கறுப்பு உடைப் பெண் போனபோது தூங்கினான். அவன் தூங்கும் நேரத்தில் கேமரா நம்மிடம் எதையாவது தனியாகச் சொல்லும் என்பது இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும். பக்கத்தில் லிசா இமயமலையைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஊர் ஊராக அலையும் அவனோடு வாழத் தயாராகிறாள் போலிருக்கிறது. ஓரக்கண்ணால் அவனைப் பார்க்கிறாள். தூங்குவது உறுதியானதும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஃபேஷன் பத்திரிகையை எடுத்துப் பிரிக்கிறாள். கணக்கின் கடைசி வரியை எழுதிவிடுங்கள். நாம்: தெரியும். லிசா: தெரியும். ஜெஃப்: தூங்குகிறான்.